சீர்வரிசையில் ஒரு கக்கூஸ் கோப்பை

சேத்தூரில் எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டு முடித்த வாரம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அண்ணன் வந்தார். பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். சுவரையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, "பால் காய்ப்புக்குப் பொறந்த வீட்டுச் சீர் என்ன வேணும்னு சொல்லு. பீரோவா, ஃபிரிட்ஜா?" என்று கேட்டார்.

"வெஸ்டர்ன் கக்கூஸ் கோப்பை" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"ஏட்டி, வெளையாடாத. சீர்த்தட்டோட கக்கூஸைத் தூக்கிட்டு வந்தா ஊரு என்ன சொல்லும்?"

"எனக்கு அதுதாண்ணே வேணும்."

"சரி, ஃபிரிட்ஜைச் சீராக் கொண்டு வாரேன். இதை மொத நாளே சத்தமில்லாம எறக்கிப் போட்டுட்டுப் போறேன்."

"சத்தமில்லாம எறக்க அது என்ன திருட்டுச் சாமானா? தெரு வழியா, எல்லாரும் பாக்கக் கொண்டு வாங்க. இல்லைன்னா வெறுங்கையோட வாங்க, சோறு போடுதேன்."

அண்ணன் காப்பி குடிக்காமலே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அதன் பிறகு ராஜபாளையத்தில் ஒரு மில், திருப்பூரில் பனியன் கம்பெனி, அங்கிருந்து கேரளாவில் கட்டட வேலை. ஒரே ஊரில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினால்தான் பசிக்கும். எனக்கு வாய்த்தவரும் கம்பி கட்டும் வேலைக்காரர், என்னைப் போலவே ஊர் சுற்றி. தொடுபுழாவில் இரண்டாவது மாடிச் சாரத்தில் பலகை நழுவி விழுந்தேன். உயிர் பிழைத்தது. வலது முட்டியில் தகடு வைத்தார்கள், முட்டி அதோடு மடங்குவதை நிறுத்திக்கொண்டது. ஆறு மாதம் கழித்துப் பழையபடி வேலைக்குப் போனேன். நின்றபடி செய்கிற வேலை எல்லாம் செய்ய முடிந்தது. குத்த வைத்து உட்கார மட்டும் முடியாது.

வேலை நடக்கிற இடங்களில் இருந்ததெல்லாம் குத்த வைக்கிற கக்கூஸ்தான், அதுவும் இருந்தால். ஆகவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் கத்தியைச் சுட வைத்து வட்டமாக ஓட்டை போட்டேன். ஊர் மாறும்போதெல்லாம் அதுவும் பஸ்ஸில் வந்தது. ஓட்டை தெரியாமல் மேலே ஒரு சேலையை மடித்துப் போட்டிருப்பேன். "சேருக்கு எதுக்கும்மா சேலை?" என்று ஒரு கண்டக்டர் கேட்டார். "அதுக்குக் குளிரும்" என்றேன். இப்படி ஒன்பது வருடம் மறைத்தாயிற்று. வேலைக்குப் போன இடங்களிலோ, அடுத்தவர் வீட்டுக்கான கோப்பைகளைத் தலையில் வைத்து மூன்று மாடி ஏறியிருக்கிறேன். எனக்கு ஒன்று வரும்போது அது ஒளிந்து வரக்கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் பிடிவாதம். அண்ணனிடம் இதை விளக்கவில்லை. அந்த நாற்காலி விஷயம் அவருக்குத் தெரியவும் தெரியாது.

பத்து நாள் கழித்து மதினி போன் செய்தார். "ஒங்க அண்ணன் கடை வரைக்கும் வாரேன்னுட்டாக. சீரைப் பத்தி இப்பம் வாயைத் தொறக்காத. மொதல்ல சாமானைப் பாருங்க. பொறவு நான் பேசிக்கிடுதேன்."

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் ஒரு பெரிய கடை. அண்ணன் உள்ளே வந்ததும் குழாய்கள் மாட்டியிருந்த பக்கம் திரும்பி, எனக்குச் சம்பந்தமில்லாதவர் மாதிரி நின்றுகொண்டார். கடைக்காரர் எனக்குச் சுவரில் தொங்குகிற கோப்பையைக் காட்டினார். "இதுதான்க்கா இப்ப எல்லாரும் கேக்காங்க. கீழ கூட்டிப் பெருக்க வசதி."

"தண்ணித் தொட்டி சுவத்துக்குள்ள இருக்கும்லா? அது ஒழுகுனா சுவத்தை ஒடைக்கணும். ஒடைச்ச கல்லை நான்தான் கொச்சியில சொமந்திருக்கேன். தரையில நிக்கிறதைக் காட்டுங்க."

வரிசையாக வைத்திருந்ததில் முதலாவதில் உட்காரப் போனேன்.

"அக்கா, அக்கா, அது பார்வைக்கு வச்சிருக்கிறது. உக்காரக் கூடாது."

"செருப்புக் கடையில காலை விட்டுப் பாக்காமயா வாங்குதீக?"

உட்கார்ந்தேன். வலது கால் குச்சி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்துக் கோப்பையின் தொட்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். மூன்று கோப்பைகளில் இதே கதை. எல்லாம் ஒரே பதினாறு அங்குல உயரம். எனக்கு எத்தனை அங்குலம் வேண்டும் என்பது எனக்கே தெரியாது.

அந்தப் பக்கம் டைல்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு அங்குலக் கனம். "இதுல எட்டு எடுத்து அடுக்குங்க" என்றேன். பதினாறு அங்குலம், கோப்பையின் உயரம்தான். எட்டில் உட்கார்ந்து எழ முடியவில்லை. இன்னொன்று வைக்கச் சொன்னேன். ஒன்பதில் பாதி எழுந்து, மறுபடி தொப்பென்று விழுந்தேன். அப்போது அண்ணன் குழாய்களை விட்டுவிட்டு வந்து கையை நீட்டினார்.

"கை குடுக்காதீகண்ணே. கதவைச் சாத்துன பொறவு கை குடுக்க யாரு உள்ள வருவா?"

நீட்டிய கை அப்படியே நின்றது. "இம்புட்டு நாளா எப்படிடீ சமாளிச்ச?" என்று மெதுவாகக் கேட்டார். நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். ஓட்டை, சேலை, கண்டக்டர் எல்லாம். கண்டக்டர் விஷயத்துக்குக் கடைக்காரர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. குனிந்து, பத்தாவது பெட்டியைத் தானே தூக்கி வைத்தார்.

பத்தில் எழுந்தேன். சுவரைத் தொடாமல், யாரையும் தொடாமல். மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தேன். அண்ணன் பதினொன்றாவதையும் வைத்துப் பார்த்தார். அதில் நல்ல காலும் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. "பத்துதான் கணக்கு. இருபது அங்குலம்" என்று பட்டாளக் குரலில் அறிவித்தார்.

பிறகு வேலை சுலபம். பதினாறு அங்குலக் கோப்பையை வாங்கி, நாலு அங்குலத்துக்குத் திட்டு கட்டி அதன்மேல் உட்கார வைத்தால் தீர்ந்தது. கழிவு நேராகத் தரைக்குள் இறங்குகிற ரகமாக எடுத்தேன், திட்டுக்குத் தக்கபடி குழாயை உயர்த்திக்கொள்ளலாம். தண்ணீர் பீய்ச்சுகிற குழாய் வலது கைப் பக்கம். மற்ற குழாயின் கீழ் வாளி நிற்குமா என்று கடை வாளியையே வைத்துப் பார்த்தேன். கைப்பிடிக் கம்பி போடச் சொன்னார் கடைக்காரர். வேண்டாம் என்றேன். இதற்குள் அண்ணன் கோப்பையின் மூடியைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தார். அது சத்தமில்லாமல் மெல்ல இறங்குவதை நாலைந்து தடவை பார்த்துவிட்டு, "இந்த மூடி உள்ளதையே போடுங்க" என்று மட்டும் சொன்னார். சீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோப்பையைத் தன் வீட்டில் கொண்டுபோய் இறக்கச் சொல்லிவிட்டுப் போனார். அது பால் காய்ப்பன்று வருமா, முதல் நாள் இருட்டில் வருமா என்பது எனக்குத் தெரியவில்லை. போன் செய்து கேட்கவும் இல்லை.

முதல் நாள் இருட்டில் எதுவும் வரவில்லை.

பால் பொங்கி முடிந்து, வந்தவர்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தெருமுனையில் மேளம் கேட்டது. வாசலுக்குப் போனேன். லோடு ஆட்டோவை முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மதினி குத்துவிளக்கோடு. பின்னால் ஐந்தாறு பெண்கள், பழத்தட்டும் வெற்றிலைத்தட்டுமாக. அவர்களுக்குப் பின்னால், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, தோளில் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் கோப்பையைத் தூக்கி வைத்து அண்ணன் வந்தார். கோப்பைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சம்பங்கி மாலை போட்டிருந்தது.

இட்லித் தட்டும் கையுமாக ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த மாமா ஒருவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏலே மிலிட்டரி, என்னலே அது, பீரங்கியா?"

"ஆமா மாமா" என்றார் அண்ணன், நடையை நிறுத்தாமல். "உக்காந்து சுடுறது."

தெரு முழுக்கச் சிரித்தது. மேளக்காரரே அடியைத் தவறவிட்டார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஒரு கை பிடிக்கப் பார்த்தார். அண்ணன் விடவில்லை. நேராக வந்து, கூடத்தில் சீர்த்தட்டுகளுக்கு நடுவில் இறக்கி வைத்துவிட்டு, "நீ கேட்டது. சரியா இருக்கான்னு பாத்துக்க" என்றார். முகம் வேர்த்திருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

மதினி காதருகே வந்தார். "நான் ஒண்ணும் பேசலடி. கடையிலருந்து வந்தன்னைக்கே அவுகளாத்தான் மாலைக்குச் சொல்லிட்டாக."

சாப்பிட்டு முடித்த பெண்கள் கோப்பையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். முதலில் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார்கள். பிறகு, மில்லில் நின்று நின்றே முட்டி தேய்ந்துபோன என் பழைய சிநேகிதி ஒருத்தி, மாலையை ஒதுக்கிவிட்டு மெல்ல உட்கார்ந்து பார்த்தாள். அடுத்து இன்னொருத்தி. மகாராஜபுரத்திலிருந்து வந்த சித்தி உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கத் திணறி, "எனக்கு இன்னும் கொஞ்சம் ஒசரம் வேணும்ட்டி. இது எம்புட்டு?" என்று கேட்டார். டைல்ஸ் பெட்டிக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன். "எந்திரிக்கைல எந்தப் பெட்டியில கை தேவைப்படலியோ, அதான் ஒங்க அளவு."

"எங்க அண்ணனுக்கு இப்பமே போன் போடுதேன்" என்றார் சித்தி.

மறுநாள் கொத்தனார் கோப்பையைத் திட்டின்மேல் உட்கார வைத்தார். சிமெண்ட் இறுக வேண்டும், இரண்டு நாள் யாரும் பக்கத்தில் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் காலை உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். நல்ல கால் தரையில் நின்றது. எழுந்தேன். கை எதையும் தேடவில்லை. மறுபடி உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "என்ன ஆச்சு? எந்திரிக்க முடியலையா?"

"அதெல்லாம் முடியுது. நீங்க போங்க. செத்த நேரம் இருந்துட்டு வாரேன்."