துண்டும் துப்பட்டாவும்

என் மருமகளின் அம்மா சென்னைத் தமிழ் பேசுகிற பஞ்சாபி. நாட்டுப் பிரிவினையின்போது, அவர் கைக்குழந்தையாக இருக்கையில், எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டைப் பூட்டக்கூட நேரமில்லாமல் ஓடிவந்த குடும்பம். முகாமில் கிடந்து, பிறகு சென்னை வந்து, அப்பா கார் சாமான் கடை போட்டு எல்லாரையும் ஆளாக்கினார். அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் மகனோடு இருந்த இந்த அம்மாளுக்கு, போன வருஷம் அந்த மகனும் தவறிப் போனான். பிறகு இர்விங் ஊரில் இருக்கும் என் மகன் வீடுதான் போக்கிடம்.

வந்தவர் மூன்று நாளாக, தானே கொண்டுவந்த ரஸ்க்கையும் பாட்டில் தண்ணீரையும் தவிர எதையும் தொடவில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைப்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். மருமகள் அழுதாள். "அத்தை, இது அமெரிக்கா" என்றான் என் மகன். அவர் அசையவில்லை.

என் பெட்டியோ கட்டித் தயாராக இருந்தது. ஐந்து மாதம் அடைபட்டுக் கிடந்தேன். கார் இல்லாமல் கொத்தமல்லிகூட வாங்க முடியாத ஊர். கரூரில் என் வீட்டை நானே பூட்டி நானே திறப்பவள் நான். டிக்கெட்டில் எனக்குப் படிக்கத் தெரிந்தது தேதி மட்டும்தான். அதைத் தினம் ஒருதரம் எடுத்துப் பார்ப்பேன்.

நான்காம் நாள், எல்லாரும் வேலைக்குப் போனபின், ரசம் சாதத்தை அவர் முன் வைத்தேன். மாத்திரை போட எழுந்தவருக்குக் கால் தள்ளாடியது.

"ஏனுங்க சம்மந்தி, இதைப் பொண்ணு வீடுன்னு ஏன் நினைக்கறீங்க? அக்கா வீடுன்னு நினைச்சுச் சாப்புடுங்க. நான் ரெண்டு வயசு பெரியவதானே?"

"சும்மா வாயால சொன்னா அக்கா ஆயிடுவீங்களா? எங்க பக்கம் துப்பட்டா மாத்திக்கணும்."

"எங்கிட்ட ஏது துப்பட்டா?"

கொடியில் கிடந்த கரூர்த் துண்டை எடுத்து நீட்டினேன். அவர் பார்த்துச் சிரித்துவிட்டார். "இத போய் தலைல போட்டா குளிச்சிட்டு வந்தவன்னு நினைப்பாங்க." ஆனாலும் போட்டுக்கொண்டார். தன் துப்பட்டாவை என் தோளில் போட்டார். இரண்டு தரம் சாதம் வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவியதும் கேட்டார். "அக்கா, மூலைல பெட்டி இருக்குதே, யாருது?"

"என்னுது. அடுத்த வாரம் ஊருக்கு."

தலையில் இருந்த துண்டை எடுத்து மடித்தார். "அக்கா இல்லாத வீடு மறுபடியும் பொண்ணு வீடுதான். நீங்க போய்ட்டு வாங்க. எனக்கு ரஸ்க் இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் மகனிடம் டிக்கெட்டை நீட்டி, "தள்ளிப் போடு" என்றேன். "எதுவரைக்கும்மா?" என்றான். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து சேலைகளை அலமாரியில் அடுக்கினேன். இந்த வீடும் என் வீடு மாதிரி ஆகிவிட்டது. வாசல் கதவைத் திறக்க அழுத்தும் பூட்டு நம்பர் மட்டும் எனக்கு இன்னும் தெரியாது.