வளைவுப் பெட்டியும் ஏழு கோடுகளும்

இது நடந்தது. நம்பாதவர்கள் ராஜபாளையத்துக்கு வந்து பார்க்கலாம். பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டின் சிவப்பு சிமென்ட் தரையில் ஏழு சாக்பீஸ் கோடுகள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதியும் நேரமும் எழுதியிருக்கும். எழுதியது சாம்சன். மில்லில் எலக்ட்ரீஷியன். பேயைப் பற்றிப் பேசினாலே எழுந்து போய்விடுகிற ஆள். ஆனால் மனுஷர்களை மட்டும் லேசில் நம்ப மாட்டான். காய்கறிக்காரரின் தராசைக் கூட இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுவான்.

அவனுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. ஸ்பீக்கர். அலமாரியில் வைக்கிற அளவுக்கு ஒரு ஜோடியைத் தானே செய்துவிட வேண்டும், அதுவும் பக்கங்கள் வளைந்த பெட்டியாக இருக்க வேண்டும் என்று ஒரு வருஷமாக அலைந்தான். பலகை நேராக இருந்தால் சத்தம் உள்ளேயே மோதி மோதித் திரும்புமாம். வளைந்திருந்தால் சுத்தமாக வெளியே வருமாம். உள்ளூர் ஆசாரிகள் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பட்டறை வைத்திருக்கும் அழகுராஜா மட்டும் சரி என்றார். மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைக்க இரண்டு வாரமாவது ஆகும். அழகுராஜா நாலே நாளில் கொடுத்துவிட்டார். சாம்சனுக்கு அங்கேயே பொறி தட்டியது.

"புது மரம்தான?"

"சத்தியமா புது மரம்ணே."

சத்தியம் பண்ணச் சொல்லாமலே பண்ணுகிறவரை எப்படி நம்புவது? ஆனால் பெட்டி அத்தனை அழகாக இருந்தது. வாங்கி வந்து, வயரிங் செய்து, ஸ்பீக்கர் கூம்புகளைப் பொருத்தி, அலமாரியில் ஏற்றினான். அவன் மனைவி ஷெரின் பெட்டியின் பின்துளையில் மூக்கை வைத்தாள்.

"இதென்ன, வசம்பு வாடை அடிக்குது?"

"பாப்பாக்கு ஒரசுனியோ?"

"நம்ம வீட்டுல வசம்பே கெடையாதே."

எட்டு மாதக் குழந்தை உள்ளறையில், சேலைத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. தூளி நின்றால் விழித்துக்கொள்ளும். தூங்கி முடிக்கும்வரை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஷெரினுக்குத் தோள்பட்டையே கழன்றுவிட்டது.

நல்ல ஜோடி ஸ்பீக்கருக்கு ஒரு குணம் உண்டு. இரண்டுக்கும் நேர் எதிரே உட்கார்ந்து கண்ணை மூடினால் பாடுகிறவர் நடுவில் நிற்பதுபோல இருக்கும். வயலின் இங்கே, தபலா அங்கே என்று விரல் நீட்டிக் காட்டலாம். வியாழக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்து, சாம்சன் அப்படித்தான் உட்கார்ந்தான். மணி 3.10.

பாட்டுக்கு நடுவே வேறு ஒன்று கேட்டது.

ட்டிக்... ச்ரக்...

தரையில் வளையல் தட்டுவதுபோல ஒரு சத்தம். அதன் பின்னாலேயே துணி இழுபடுவதுபோல ஒன்று. பாட்டை நிறுத்தினான். நின்றது. வேறு பாட்டு வைத்தான். மறுபடியும் வந்தது. அதே பாட்டை ஹெட்போனில் கேட்டான். அங்கே இல்லை. ஸ்பீக்கர் இருந்ததோ நெஞ்சு உயரத்தில். சத்தம் வந்ததோ அலமாரிக்கு முன்னால் தரையிலிருந்து. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டான்.

வெள்ளிக்கிழமை 3.10. கோட்டைத் தாண்டி ஒரு முழம் இந்தப் பக்கம்.

சனிக்கிழமை 3.10. இன்னும் ஒரு முழம்.

மாடி வீட்டுக்காரனின் ப்ளூடூத் என்று நினைத்து மேலே போய்ச் சண்டை போட்டான். அவர்கள் ஊரிலேயே இல்லை. பக்கத்தில் ஷெரினை உட்கார வைத்தான்.

"கேக்குதா?"

"பாட்டுதான் கேக்குது."

சொல்லும்போது அவள் சிரித்ததாக அவனுக்குப் பட்டது. ஒருநாள் முழுக்க அவளைச் சந்தேகப்பட்டான். அவள் செல்போனை எடுத்துப் பார்த்தான். அப்புறம் அழகுராஜாவைச் சந்தேகப்பட்டு, பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தான். உள்ளே வெறும் மரம். வசம்பு வாடை மட்டும் முகத்தில் அடித்தது.

செவ்வாய்க்கிழமை ஆறாவது கோடு. நாற்காலிக்குப் பக்கத்தில், அவன் கால் கட்டைவிரலை ஒட்டி விழுந்தது.

என்னிடம்தான் வருகிறது... நாளைக்கு வந்துவிடும். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

புதன்கிழமை. மணி 3.10. கண்ணை மூடினான்.

ட்டிக்...

பின்னால்.

ச்ரக்...

அவனுக்குப் பின்னால்.

ஸ்பீக்கர் முன்னால் இருக்கிறது. சத்தம் முதுகுக்குப் பின்னால் வருகிறது. அப்படி வர வழியே இல்லை.

அது அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

ஏழாவது கோட்டைப் போட்டான். ஒரு வயரை எடுத்து ஏழு கோடுகளின் மேலும் இழுத்துப் பிடித்தான். அதே நேரில் வயரை மேலும் நீட்டினான். நாற்காலியை உரசி... உள்ளறை வாசலைத் தாண்டி...

தூளிக்கு அடியில் போய் நின்றது.

சாம்சன் வயர்களைப் பிய்த்தான். இரண்டு பெட்டிகளையும் சாக்குப் பையில் போட்டான். பெட்டி போனால் அதுவும் போய்விடும். அதுதான் அவன் கணக்கு. ஷெரினிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 3.25க்கு பைக்கை எடுத்தவன், ஸ்ரீவில்லிபுத்தூர் பட்டறை வாசலில் நிறுத்தும்போது மணி நாலு.

"இது என்ன மரம்?"

அழகுராஜா பையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். உளியைக் கீழே வைத்தார்.

"தொட்டிலுண்ணே. மரத்தொட்டிலு. பக்கப்பலகை ரெண்டும் இதே வளைவுல இருந்துச்சு. அறுத்துப் போட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

"யாருது?"

"கூமாப்பட்டியில முத்தாத்தாள்னு ஒரு அம்மா. அவிய தம்பி மகன்தான் பழசுன்னு எனக்கு வித்தான். அவியளுக்குப் பொறந்த ஒத்தப் பிள்ள அதுலயேதான் செத்துச்சாம். அதுக்குப் பொறவு நாப்பது வருசமா, மத்தியானம் மூணு மணிக்கு மேல அந்த வெறுந்தொட்டில ஆட்டிக்கிட்டே இருப்பாவளாம்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"செத்துட்டாவண்ணே. நான் தொட்டில ஏத்திட்டு வந்த மறுநா."

அழகுராஜா மரத்தூளைக் கையால் ஒதுக்கி, தரையைக் காட்டினார்.

"அவியளுக்கு ரெண்டு காலும் வெளங்காது. கைய ஊனி, உக்காந்தபடியே நகருவாவ. அன்னைக்கு எங்க வண்டிக்குப் பின்னாலயே தெருமுனை வரைக்கும் அப்படித்தான் வந்தாவ..."

ட்டிக். ச்ரக். ஊன்றிய கையின் வளையல், இழுபட்ட சேலை.

சாம்சன் பையைத் தரையில் வைத்துவிட்டு ஷெரினுக்குப் போன் போட்டான். மணி 4.12.

"பாப்பா எங்க?"

"தூங்குது. மெதுவாப் பேசுங்க." அவள் குரலில் அத்தனை நிம்மதி. "ஆமா, போறப்ப எம்புட்டு வேகமா ஆட்டி விட்டுட்டுப் போனீங்க? நான் தொடவே இல்ல. இன்னும் நிக்காம ஆடிக்கிட்டு இருக்கு."

சாம்சன் தூளியைத் தொடவே இல்லை.

அவன் குனிந்து பையைப் பார்த்தான். இரண்டு பெட்டிகளும் இங்கே இருந்தன. அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டுச் சொல்ல வீட்டில் இப்போது ஒன்றும் இல்லை.