சைக்கிள் பாரும் ஒரு சிவப்பு நூலும்

அண்ணையின் சைக்கிள் பாரில் சுற்றியிருந்த நீலத் துவாய் எனக்காகச் சுற்றப்பட்டது. இதை முதலில் எழுதிவிட வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது, அண்ணைக்குப் பதினைந்து. கோப்பாயில் எங்கள் ஒழுங்கையிலிருந்து பள்ளிக்கூடம் வரை மூன்று வருடமாக அந்தப் பாரில் இருந்துதான் போய்வந்தேன். பின்னால் இருந்த கரியர் வெங்காயப் பிடிகளுக்கும் புண்ணாக்குச் சாக்குக்கும் உரியது. நல்லூர் மஞ்சத் திருவிழாவுக்கும் என்னைப் பாரில் இருத்திக் கூட்டிக்கொண்டு போவதாக அண்ணை சொல்லியிருந்தார்.

திருவிழா தொடங்கிய வாரத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் பம்பாயிலிருந்து தங்கள் ஒரே மகளுடன் வந்து இறங்கினார்கள். கொழும்பு ரயில் ஓடாத நாட்கள் அதிகமாகத் தொடங்கியிருந்த வருடம் அது. அந்தப் பிள்ளை என்னைவிட ஒரு வயது மூப்பு. முறைப்படி நான் அக்கா என்று கூப்பிட வேண்டும். வந்து நின்ற நாட்கள் முழுவதும் நான் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

நடந்த அநியாயங்களைக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்துவைத்தேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு அப்படித்தான் தொடங்கியது. அம்மா அவளுக்கு முதலில் தலை பின்னிவிட்டார். பொரித்த முட்டையில் பெரிய பாதி அவளுக்கு. மூன்றாம் நாள் அண்ணை அவளைப் பாரில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனார். பெரியவர்கள் நால்வரும் சமையலறையில் குரலைத் தாழ்த்திக் கதைப்பதும் நான் உள்ளே போனதும் நிறுத்துவதுமாக இருந்தார்கள். என் குழப்படியைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று அதையும் எழுதினேன்.

மஞ்சத் திருவிழாவன்று காலை அவள் தன் பெட்டியிலிருந்து ஒரு நூலை எடுத்தாள். சிவப்புப் பட்டு நூல், நடுவில் ஜரிகைப் பூ. ஆவணிப் பூரணையில் தங்கச்சி அண்ணன் கையில் இதைக் கட்ட வேண்டும், அண்ணன் அவளை ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும், கேட்டதைக் கொடுக்க வேண்டும், பம்பாயில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று விளக்கினாள். எங்கள் வீட்டில் யாரும் இதைக் கேள்விப்பட்டதில்லை. குங்குமமும் கற்கண்டும் வைத்த தட்டத்தை என்னிடம் பிடிக்கத் தந்தார்கள். என் அண்ணையின் வலது கையில் அவள் நூல் கட்ட, நான் தட்டம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என்ன வேணும் என்று அண்ணை கேட்டார். சைக்கிளில் முன்னால் இருந்து நல்லூருக்குப் போக வேண்டும் என்றாள்.

அண்ணை என்னைப் பார்த்தார். "நீ கரியரிலை இரன். ரெண்டு பேரையும் ஏத்துறன்."

"நான் என்ன வெங்காயமே?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது ஒரு விதி நினைவுக்கு வந்தது. எங்கள் அம்மன் கோவிலில் கொடியேற்றத்தன்று காப்புக் கட்டிய குருக்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டமாட்டார். கையில் கட்டிய நூல் எதுவானாலும் காப்புத்தானே.

"காப்புக் கட்டினவை ஊர் எல்லை தாண்டக் கூடாது. அண்ணை இனி ஒரு இடமும் போகேலாது."

அப்பாவும் பெரியப்பாவும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "உந்த வாயை மூடு," என்றார். அம்மா அதுவரை என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நேரத்தையும் சேர்த்துக் கொப்பியில் எழுதினேன்: ஒன்பதே கால்.

பின்னேரம் அவர்கள் இருவரும் நல்லூருக்குப் போனார்கள். நான் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். எனக்கென்று அண்ணை வாங்கிவந்த கச்சான் கடலைச் சரையை நான் தொடவில்லை.

மறுநாள் காலை அண்ணை எழும்பமுன் அம்மாவின் தையல் கத்தரிக்கோலை எடுத்துப்போய் அந்த நூலை வெட்டினேன். பூவோடு சேர்த்துக் கைக்குள் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுகையில் அம்மா எதிரே வந்தார். அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து நூலை எடுத்தார். வெட்டிய இடத்தைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, நித்திரையாய்க் கிடந்த அண்ணையின் பக்கத்தில் இருந்து திரும்பவும் கட்டினார். முடிச்சுப் போட்டதில் நூல் நீளம் காணாமல் கட்டையாகிவிட்டதால் அதற்கு வெகுநேரம் எடுத்தது.

"இனி இதிலை கை வைக்காதை. அவளும் அவனுக்குத் தங்கச்சிதான்."

அம்மாவும் அவளுடைய பக்கம் போய்விட்டார் என்று எழுதினேன்.

ஆறு நாள் கழித்து அவர்கள் புறப்பட்டபோது அண்ணையும் கூடப் போனார். பம்பாயில் படிக்கப் போகிறார், லீவுக்கு வருவார் என்றார்கள். ரயில் ஏறும்போதும் கையில் அந்தக் கட்டை நூல் இருந்தது. சைக்கிள் பாரும் நீலத் துவாயும் முழுதாக எனக்கே மிஞ்சின. மிதிக்கத்தான் ஆள் இல்லை.

அந்தக் கொப்பி இன்றும் என்னிடம் இருக்கிறது. முட்டையின் பாதி இருக்கிறது, தலைபின்னல் இருக்கிறது. அதற்கு முந்திய மாதம் அண்ணையின் வகுப்பில் படித்த இரண்டு பேர் ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்டுத் திரும்பி வராதது அதில் இல்லை. பெரியம்மாவுக்கு அம்மா எழுதிய கடிதமும் இல்லை. அப்படி ஒரு கடிதம் போனதே எனக்குத் தெரியாது.

அண்ணை அங்கேயே தங்கிவிட்டார். ஒவ்வொரு ஆவணியிலும் அவள் நூல் கட்டும் படம் என் போனுக்கு வரும். நன்றாக இருக்கிறது என்று பதில் போடுகிறேன். போட ஒரு நாள் பிந்தும்.

அம்மா இதைப் பற்றிக் கதைத்தது ஒரே தடவை. பல வருடங்களுக்குப் பிறகு, முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தபோது, தலை நிமிராமலே சொன்னார்:

"எல்லை தாண்டக் கூடாது எண்டு நீ அண்டைக்குச் சொல்ல எனக்கு நெஞ்சு நிண்டுபோச்சு. அவளுக்கு அண்ணையாய் அவன் தாண்டோணும் எண்டுதானே பிள்ளை, நான் திரும்பக் கட்டினனான்."