அச்சில் இருந்த ஏழு

ஆனையூர் தாண்டி இருக்கும் எங்கள் கல்லூரிக்கு பஸ் திருநகரில் இருந்து கிளம்பும். நான் முதலில் ஏறி, பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிடுவேன். திருப்பரங்குன்றத்தில் அவன் ஏறுவான். வேதியியல் வாத்தியார், என் வயதுதான். ஒரு பேப்பர், ஒரு பென்சில், அன்றைய சுடோகு. அவனுக்கு ஒரு கட்டம், எனக்கு ஒரு கட்டம் என்று மாற்றி மாற்றி நிரப்புவோம். மனைவி இறந்து, மகனும் வெளிநாடு போன பிறகு நான் வாய்விட்டுப் பேசியது அந்த ஒரு மணி நேரம்தான். வகுப்பில் கத்துவதைப் பேச்சில் சேர்க்க முடியாது.

வீட்டில் பொழுது போகாமல், சுடோகு போட ஒரு புரோகிராம் எழுதினேன். அதற்கு யோசிக்கத் தெரியாது. நூறு தப்பான விடைகளைக் கண்டபடி உருவாக்கும். தப்பு குறைந்தவற்றை ஜோடி சேர்க்கும். பிறக்கும் பிள்ளைகளில் இரண்டு எண்களை இடம் மாற்றிப் பார்க்கும். தலைமுறை தலைமுறையாகத் தப்பு குறைந்துகொண்டே வரும். ஜாதகம் பார்க்காமல் நடத்தும் கல்யாணம்தான், ஆனால் வேலை செய்தது. ஒரு நாள், அன்றைய பேப்பரில் வந்த சுடோகுவுக்குத் தப்பு பூஜ்யம் என்று காட்டியது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியர் அறையில் எல்லோரையும் கூப்பிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். கைதட்டினார்கள். அவன் மட்டும் முந்தின நாள் பேப்பரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"மாப்ள, பேப்பர்ல இந்த இடத்துல ஏழுன்னு போட்டிருக்கான். உன் இதுல மூணுல்ல இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது.

"பென்சிலைக் கடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்கார்றவனுக்கு வயித்தெரிச்சல் வரத்தான செய்யும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாயங்காலமே பார்த்துவிட்டேன். அச்சடித்த எண்களைத் தொடக்கூடாது என்ற ஒரு வரியை எழுத மறந்திருந்தேன். விடை வராத இடத்தில் அது கேள்வியையே மாற்றியிருந்தது.

அப்போதே அவனுக்கு போன் பண்ணியிருக்க வேண்டும். வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்க வீம்பு விடவில்லை. சரியான விடையோடு போகலாம் என்று நினைத்தேன். அந்த வரியைச் சேர்த்ததும் இரண்டு தப்பில் வந்து நின்றுவிட்டது. எத்தனை தலைமுறை ஓட்டினாலும் அதே இரண்டு. நூறு விடைகளும் ஒன்று போலாகி, புதிதாக எதுவும் பிறக்கவில்லை. அழித்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பித்தேன், பலமுறை. அதற்குள் மூன்று வாரம் போயிற்று. பஸ்ஸில் அவன் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தான். என் பையை நான் எடுக்கவில்லை. எனக்கு அவன் வேண்டியிருந்தது.

கடைசியில் விடை வந்தது. காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி அவனிடம் போனேன்.

"நீ சொன்னதுதான் சரி மாப்ள. தப்பு என் மேலதான். அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

காகிதத்தை வாங்கினான். பரீட்சைத் தாள் திருத்துவது போல ஒன்பது வரிசையையும் விரல் வைத்துப் பார்த்தான். பிறகு மடித்து என்னிடமே நீட்டினான்.

"இப்ப சரியா இருக்கு சார்" என்றான்.

அவன் என்னை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.