பங்களாத் தோட்டத்துக் கல்

எங்கள் மலையில் ஒரு பழைய பங்களா இருக்கிறது. கோடைக்கு வந்து தங்க யாரோ ஜமீன்தார் கட்டியது. தோட்டத்துக் கடைசியில், பலாமரத்தடியில், எங்கள் சாமி கல். அது பங்களாவுக்கு முந்தியது. புதுச் சாமை அறுத்தால் முதல் பிடி அந்தக் கல்லுக்கு. அதுவரை எங்கள் வீட்டில் புதுச் சாமை உலை ஏறாது.

சும்மா கிடந்த பங்களாவுக்கு இப்போது வெள்ளையடித்து, நுழைவுச் சீட்டுப் போட்டுக் காட்டுகிறார்கள். பின்பக்க வழியைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். இந்த வருஷம் என் வீட்டுக்காரர் முதல் பிடியோடு முன்வாசலுக்குப் போய்விட்டு அப்படியே திரும்பி வந்தார்.

"காவக்காரன் வுட மாட்டேன்றான்," என்றார்.

பழைய சாமை தீர்ந்துவிட்டது. புதுசு மூட்டையாய் மூலையில் கிடந்தது. ரேஷன் அரிசி பொங்கித் தின்றோம். மறுநாள் நானே கிளம்பினேன். நாத்தனாரும் வந்தாள். ஒரு பிடிச் சாமையை மடியில் முடிந்துகொண்டேன்.

வாசலில் காவல்காரர் மடியைப் பார்த்தார்.

"இன்னாம்மா அது?"

"சாமைங்க."

"சாப்பிட்ற பொருள் உள்ள எட்த்துனு போகக் கூடாது."

"இது சாப்பிட்ற பொருள் இல்லீங்க. சாமிக்கு வெக்காம நாங்க வாய்ல வெக்க மாட்டோம்."

"நல்லா கீதும்மா உங்க நியாயம்!"

"வேணும்னா நீங்க ஒரு வாய் தின்னு பாருங்கண்ணா," என்றாள் நாத்தனார். "அப்புறம் சாமியாச்சு, நீங்களாச்சு."

அவர் நகர்ந்துகொண்டார். "சீட்டு வாங்கினு மத்தவங்களோட போங்க. வூட்டப் பாத்துட்டுதான் தோட்டம்."

செருப்பை வாசலிலேயே விட்டோம். சாமி இருக்கிற இடத்தில் போடுவதில்லை. சுற்றிக் காட்டிய பெண், "போட்டுக்கலாம்மா, தரைக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள். வெறுங்காலோடே நடந்தோம். மான் கொம்பு, ஆள் உயரக் கண்ணாடி எல்லாம் பார்த்தோம்.

நாத்தனார் கட்டிலைப் பார்த்து, "இதுல ஏற ஏணி வேணும் அண்ணி," என்றாள்.

தோட்டத்தில் ரோஜா, வெட்டிவிட்ட புல். கல்லின் மேல் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். முந்தானையால் கல்லைத் துடைத்துச் சாமையை வைத்தேன்.

"தொட்டிய ஏம்மா எறக்குறீங்க?" என்றாள் சுற்றிக் காட்டிய பெண்.

"இது எங்க சாமிம்மா. வருஷா வருஷம் வருவோம். மேல எதுவும் வெக்காதீங்க."

அந்தப் பெண் கல்லைப் பார்த்தாள். தொட்டியை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

வெளியே வரும்போது காவல்காரர் கேட்டார். "ஆச்சா?"

"ஆச்சுங்க."

"அடுத்த தபா எனக்கும் கொஞ்சம் எட்த்துனு வாங்க."

"ஆக்கினா அது சாப்பாடு. வுடுவீங்களா?" என்றேன்.

வீட்டுக்கு வந்து மூட்டையைப் பிரித்தேன். சாமையை இடித்து உலை வைத்தேன்.