மந்திரவாதியின் உயிரும் மாப்பிள்ளை முறுக்கும்

எனக்கு மாயாஜாலப் படம் என்றால் பைத்தியம். அதுவும் பழைய கறுப்பு வெள்ளைப் படமாக இருக்க வேண்டும். மண்டை ஓடு பேச வேண்டும். கம்பளம் பறக்க வேண்டும், அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் கம்பி லேசாகத் தெரியவும் வேண்டும். கம்பி தெரியாத இந்தக் காலத்துப் படங்கள் மீது எனக்கு நம்பிக்கை வருவதில்லை. செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் கெமிஸ்டாக இருக்கிறேன். குடுவையில் திரவம் நிறம் மாறும்போதெல்லாம் மந்திரவாதி மாதிரி ஒரு சிரிப்பு சிரித்துவிடுவேன். லேபில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது.

மனைவிக்குப் பழகவில்லை. கல்யாணமான புதிதில் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்தவள், புடவை வைக்க வேண்டிய தட்டு முழுக்க பூதக் கதைகளாக இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"கெமிஸ்ட் மாப்ளன்னுதான் சொன்னாங்க. இத யாரும் சொல்லலியே."

தலை தீபாவளிக்குச் சிதம்பரம் கிளம்பினோம். பஸ் முட்லூரைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா சிதம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். கடையில் அவர் வாயிலிருந்து வரும் பேச்சு "இருக்கு", "இல்ல", "நாளைக்கு வாங்க", அவ்வளவுதான். எத்தனையோ வரன்களைத் தட்டிக் கழித்த மனிதர், என்னைப் பார்த்ததும் விளையாட்டுத்தனம் இல்லாத பையன் என்று சரி சொல்லிவிட்டார்.

"அப்பா உங்கள ரொம்ப சீரியஸான ஆளுன்னு நெனச்சிட்டிருக்காரு. நாம திரும்பி வர்ற வரைக்கும் பூதம், கிளி, மண்டை ஓடுன்னு வாயே தெறக்கக்கூடாது. எனக்காக."

சத்தியம் செய்தேன். புது மனைவி கேட்டால் ஏழு கடல் தாண்டலாம், இது என்ன பெரிய விஷயம் என்று அப்போது தோன்றியது.

தீபாவளியன்று காலை எண்ணெய்க் குளியல், லேகியம், புது வேட்டி, இட்லியோடு கறிக்குழம்பு. வெளியே நல்ல மழை. கூடத்தில் என்னைத் தனியாக உட்கார வைத்து டி.வி.யைப் போட்டுவிட்டு எல்லோரும் வேலையாக இருந்தார்கள். ஊர் கேபிள் சேனலில் ஒரு பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் படம்!

பள்ளிக்கூடம் படிக்கும்போது பாதி பார்த்த படம் அது. மந்திரவாதி ராஜாவைக் கல்லாக்கிவிட்டு இளவரசியைத் தூக்கிக்கொண்டு போவான். இளவரசன் அலைந்து திரிந்து அவன் குகை வாசலுக்கு வந்து சேரும்போது எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தப் படம் எந்த சேனலிலும் வரவில்லை, இணையத்திலும் கிடைக்கவில்லை. மந்திரவாதி தன் உயிரை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்று தெரியாமலே எனக்குக் கல்யாணம் வரை ஆகிவிட்டது. கிளியில் இல்லை, அது மட்டும் தெரியும். கிளியை இடைவேளைக்கு முன்பே கொன்றுவிட்டார்கள்.

வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் சத்தியம், கண்ணைத் திறக்கக் கூடாது என்று இல்லையே. அசையாமல் பார்த்தேன். பக்கத்தில் மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இளவரசன் குகை வாசலுக்கு வந்தான். பாறை நகர்ந்தது. மாமா பேப்பரை மடித்து வைத்தார்.

"இந்தக் கருமத்த யாரு போட்டது? மாப்ளைக்கு போர் அடிக்கும்ல."

சொல்லிக்கொண்டே ரிமோட்டை எடுத்துப் பட்டிமன்றம் வைத்தார். எல்லாம் என் மீதுள்ள மரியாதையில்.

எனக்கு அழுகையே வந்தது. மதியம் இலையில் எதுவும் இறங்கவில்லை. சுழியனை ஓரமாக ஒதுக்கினேன். கேட்டதற்கெல்லாம் "ம்" என்றேன். மாமியார் அடுப்படிக்குள் போய் என்னவோ கிசுகிசுத்தார். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க முடிவாகிவிட்டது: மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டார், எதையோ எதிர்பார்க்கிறார், கேட்கக் கூச்சப்படுகிறார்.

தூது வந்தவர் புவனகிரியில் இருக்கும் அவளுடைய சித்தப்பா. என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்.

"என்னா மாப்ள, மனசுல ஏதோ வச்சிருக்கீங்க. மோதிரம் சின்னதாப் போச்சா?"

"அதெல்லாம் இல்ல சின்ன மாமா."

"அப்ப வண்டியா? அண்ணங்கிட்ட நாஞ் சொல்றேன்."

தலையை ஆட்டி மறுத்தேன். உண்மையைச் சொன்னால் சத்தியம் போச்சு, சொல்லாவிட்டால் பேராசைக்காரன். உள்ளே போய்த் திரும்பி வந்தவர், "ஏசி மாட்டிக் குடுத்துடலாம்னு சொல்றாரு" என்றார். என் விளையாட்டுப் புத்திக்கு, இப்படியே சாயங்காலம் வரை உம்மென்று இருந்தால் கார் வரைக்கும் போவார்கள் போலிருக்கிறதே என்று ஒரு சபலம் தட்டியது உண்மைதான்.

ஆனால் உள்ளறை வாசலில் மாமா நின்றிருந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. அவரைத் தாண்டி வந்த மனைவி, என்னைக் கொல்லைப்புறத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"எங்கப்பா எங்கியாவது கடன்கிடன் வாங்கிடுவாரு. உங்கள என்னமோன்னு நெனச்சேன். என்னா வேணும் உங்களுக்கு?"

அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நேராக அப்பாவிடம் போய், வீடே கேட்கும்படிச் சொன்னாள்.

"அவுருக்கு வண்டியும் வேணாம் ஏசியும் வேணாம்ப்பா. அந்த மந்திரவாதி உசுர எங்க வச்சிருந்தான்னு தெரியணுமாம்!"

சித்தப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். என் சீரியஸ் அன்றோடு ஒழிந்தது. மாமா மெல்ல வந்து என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் படந்தான? சின்ன வயசுல சினிமாக் கொட்டாயில பாத்திருக்கேன். சொல்றேன், இருங்க."

"இவரு எந்தக் கொட்டாயிக்கு..." என்று ஆரம்பித்த மாமியாரை ஒரு பார்வை பார்த்தார். அத்தோடு மாமியார் உள்ளே போய்விட்டார்.

மாமா சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. குகைக்குள் ஒரு இரும்புப் பெட்டி. அதற்கு லீவர் பூட்டு. வாளால் வெட்டினால் திறக்காது, மந்திரத்துக்கும் மசியாது. இளவரசிதான் விளக்கிலிருந்து கொஞ்சம் எண்ணெய் விட்டு, தலையில் இருந்த கொண்டை ஊசியால் நெம்பித் திறக்கிறாள். உள்ளே ஒரு வண்டு. அதை நசுக்கியதும் மந்திரவாதி விழுந்தான். அந்த நிமிடமே அரண்மனையில் கல்லாக நின்ற ராஜாவுக்கு உயிர் வந்தது.

"கண்ணத் தெறந்ததும் அந்த ராஜா என்னா கேட்டாரு தெரியுமா மாப்ள? நாட்டக் கேக்கல, கிரீடத்தக் கேக்கல. எம் பொண்ணு சாப்ட்டாளான்னு கேட்டாரு."

அன்று சாயங்காலம் சுழியன் எத்தனை தின்றேன் என்று தெரியாது.

போன மாதம் யாரோ புண்ணியவான் அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றியிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் நானும் அவளும் உட்கார்ந்து பார்த்தோம். குகைக்குள் பெட்டியும் இல்லை, பூட்டும் இல்லை. மந்திரவாதியின் உயிர் அவன் தாடியில் இருக்கிறது. இளவரசன் பிடித்து இழுக்கிறான், தாடியோடு பசையும் வருகிறது, சுபம். கல்லாகிப் போன ராஜாவை எடுத்தவர்களே மறந்துவிட்டார்கள். கடைசிவரை அவர் கல்லாகவே நிற்கிறார்.

"அப்பா சொன்னது எதுவுமே இல்லியே" என்றாள். பிறகு கல் ராஜா நிற்கும் இடத்துக்குப் படத்தைத் திருப்பி ஓட்டி நிறுத்தினாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

ஆனால் நான் சும்மா இருக்கிற ஆளா? போனை எடுத்துக் கடைக்குப் போட்டேன். அவள் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, நேத்து டி.வி.ல இன்னொரு மந்திரவாதி படம். பாதில கரண்டு போயிடுச்சு. நீங்க பாத்திருப்பீங்களே?"

கடையில் யாரோ ஆணி கேட்பதும், மாமா "நாளைக்கு வாங்க" என்பதும் கேட்டது. நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் வந்தது.

"பாத்திருக்கேன், பாத்திருக்கேன்" என்றார். "நீங்க எதுவரைக்கும் பாத்தீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல."