அக்கரைப் பள்ளியில் அக்காவின் கடைசி நாள்

எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. உடன்பிறந்தவர்கள் நாங்கள் இருவர்தான் என்பதால், இதை எழுதும் கடமை தங்கையாகிய எனக்கு வந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அக்கா திருப்பாலைவனத்தில் ஓர் உழவர் வீட்டில் பிறந்தார். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவருடைய இதயத்தைப் பழுதாக்கியிருந்தது வெகு காலம் கழித்தே தெரிந்தது. அப்பா, எங்கள் நைனா, இறந்தபின் ஆசிரியர் பயிற்சி முடித்து, பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் உள்ள மீனவர் குப்பத்துப் பள்ளியில் சேர்ந்தார். ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவரே. பழவேற்காட்டில் ஒரு பாய் வீட்டுப் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். பதின்மூன்று ஆண்டுகள் படகில் போய் வந்தார். என்னைக் கரையேற்றும் வரை என்று தள்ளிப்போட்ட திருமணம் அவருக்கு நடக்கவே இல்லை.

கடைசி இரண்டு ஆண்டுகளில் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது. நீண்ட விடுப்பு எடுக்கச் சொன்னார் மருத்துவர். மாற்று ஆசிரியர் கேட்டு அக்கா மூன்று மனுக்கள் எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

"நான் உக்காந்துட்டா பள்ளிக்கூடத்தப் பூட்டிடுவாங்க. பசங்க எறா புடிக்கப் பூடும்" என்பார்.

சென்ற ஆண்டு ஆசிரியர் தினத்துக்கு விழா வைத்திருப்பதாக ஊரார் சொல்லி அனுப்பினார்கள். அதுவரை யாரும் வைத்ததில்லை. அன்று காலையிலேயே அக்காவின் கால்கள் வீங்கியிருந்தன.

"போகாதக்கா. வேற நாள் வச்சிக்கலாம்னு சொல்லிடலாம்" என்றேன்.

"மொத தபா கூப்புட்டுக்கிறாங்க. எப்டிம்மா போகாம இருக்கறது?"

துணைக்கு நானும் போனேன். முகத்துவாரம் மணல் அடைத்து ஏரி வற்றிக் கிடந்தது. போகும்போதே படகு இரண்டு இடத்தில் தரைதட்டியது.

பள்ளியில் நாற்காலி போட்டுக் கனகாம்பர மாலை போட்டார்கள். அக்காவிடம் முதலில் படித்த கன்னியம்மா, இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய், தானே எழுதி வந்த நன்றிக் கடிதத்தை வாசித்தார். பாதி வாசிக்கையில் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இருமலில் ரத்த நுரை வந்தது.

படகில் ஏற்றினோம். நடு ஏரியில் படகு சேற்றில் அமர்ந்துவிட்டது. ஆண்களும் பெண்களுமாய்க் குதித்து, முழங்கால் சேற்றில் தள்ளினார்கள். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று கன்னியம்மா அக்காவை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்திருந்தார்.

"பள்ளிக்கூடத்துல பசங்கள யாரு பாத்துக்கறாங்க?" என்று அக்கா கேட்டார்.

"எங்க மாமியா கீது டீச்சர். நீங்க பேசாதீங்க."

கரை சேர்ந்ததும், வீட்டுக்கார பாய் பிடித்துத் தந்த வண்டியில் அக்காவை ஏற்றினோம். பொன்னேரி மருத்துவமனையில் வண்டி நின்றபோது உயிர் இல்லை.

"நாங்க கூப்புடாங்காட்டி டீச்சர் இருந்துருப்பாங்க" என்று கன்னியம்மா இன்றும் என்னிடம் அழுகிறார். ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டுக் கூடவே படகேறியவள் நான்.

படகைத் தள்ளியவர்களுக்கும், வண்டி பிடித்துத் தந்த வீட்டுக்கார பாய்க்கும், உடனிருந்த உறவினருக்கும் என் கைகூப்பிய நன்றி.

அக்காவின் இடத்துக்கு இன்றுவரை யாரும் வரவில்லை. பள்ளி பூட்டியே இருக்கிறது. பிள்ளைகள் இறால் பிடிக்கப் போகிறார்கள். இந்த நினைவு மலரைப் பெறும் ஆசிரியர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: உங்களில் ஒருவராவது அந்த ஊருக்கு மாறுதல் கேளுங்கள். படகுத்துறையில் பள்ளிக்கூடம் என்று சொன்னால் போதும், ஏற்றிக்கொள்வார்கள்.